இணைப்பை விடாத மோடம்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடுவோர் யாவரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. பல லட்ச ரூபாய் பெறுமான சரக்கு இருப்பு அரை நாளில் நேராகிவிடும். சில்லறைச் செலவு ஒன்று ஒரு வாரத்தை விழுங்கிவிடும். அண்மையில் பருத்தி விற்பனைச் சங்கம் ஒன்றில் எனக்கு வாய்த்தது அத்தகைய சில்லறைச் செலவுதான். 2001ஆம் ஆண்டின் டெலிபோன் பில் ஒன்றின் பேரில் சங்க எழுத்தரிடமிருந்து ரூ.2,700, மாதம் ரூ.300 வீதம் ஒன்பது தவணைகளில் வசூலிக்கப்பட்டிருந்தது. "அலுவலகச் சாதனத்தை இரவு வேளைகளில் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியமை" என்று தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுதியிருந்தார்கள். அந்த எழுத்தர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பணத்தைத் திருப்பித் தருமாறு அவர் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நீக்கித் தர வேண்டும் என்று மட்டும் மனுக் கொடுத்திருந்தார்.

மனுவை விசாரிக்கப் புகுந்த நான், கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மோடம் என்னும் கருவியைப் பற்றிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை அங்கத்தினர்களுக்கும் சங்க அலுவலர்களுக்கும் பயன்படும் முறையில் ஈண்டு எழுதுகிறேன்.

இன்று சங்கங்களுக்கு இணையம் இடையறாது வந்துகொண்டிருக்கிறது. இணைப்பை நாள்தோறும் பூட்டுவதும் அவிழ்ப்பதுமான வழக்கமே இளைஞர்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோது நிலைமை வேறு. சாதாரண டெலிபோன் கம்பியின் வழியாக, ஒருவருக்கு டெலிபோன் செய்வது போலவே, சேவை தருவோரின் எண்ணைச் சுழற்றி இணைப்புப் பெற வேண்டும். எவ்வளவு நேரம் பேசினோமோ அவ்வளவு நேரத்துக்கும் டெலிபோன் கட்டணம் ஓடும். அதற்கு மேலாக, முன்பணம் கட்டி வாங்கிய இணைய மணி நேரமும் குறைந்துகொண்டே போகும். அம்முறை இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்னும் புகழ் பெற்ற நிறுவனம் தனது டெலிபோன் வழி இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் நாளன்றுதான் நிறுத்தியது. எனினும் பழைய பில்களும், அவற்றின் பேரில் ஏற்பட்ட வழக்குகளும், பரணில் தூசி படிந்த மோடங்களும் எஞ்சி நிற்கின்றன. தொலைநகல் இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பதும் மோடமே ஆகையால், இப்பாடம் முற்றிலும் பழங்கதையும் அன்று.

மோடம் செய்யும் வேலை யாது? கம்ப்யூட்டர் பேசுவது மின் துடிப்புகளால் ஆன மொழி. டெலிபோன் கம்பியோ மனிதக் குரலுக்காக இடப்பட்டது. ஆகவே மோடம், துடிப்புகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் செலுத்துகிறது. மறுமுனையிலுள்ள மோடம் அவ்வொலியை மீண்டும் துடிப்புகளாக மாற்றிக்கொள்கிறது. இரண்டு மோடங்களுக்குமிடையே ஓர் ஆதார ஒலி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கேரியர் என்று பெயர். தறியில் பாவு இருப்பது போல இதனைக் கருதலாம். ஊடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் பாவு இருக்கும். அவ்வாறே செய்தி போனாலும் போகாவிட்டாலும் கேரியர் இருக்கும். அது இருக்குமளவும் கட்டணமும் ஓடும்.

இணைப்பை முறிப்பது ஒரே செயல் என்று நாம் எண்ணுகிறோம். திரையில் "துண்டிக்கப்பட்டது" என்ற சொல் தோன்றியவுடன் எழுந்து போய்விடுகிறோம். உண்மையில் அது நான்கு கை மாறி நடைபெறும் காரியம். முதலில், நம் கம்ப்யூட்டரிலுள்ள இணைப்பு நிரல், மறுமுனையிலுள்ள கம்ப்யூட்டருக்கு "முடித்துக்கொள்வோம்" என்று செய்தி அனுப்பி, ஒப்புதல் பெறுகிறது. அடுத்து அந்நிரல், நம் மேசை மீதுள்ள மோடத்துக்கு, "டெலிபோனைக் கீழே வை" என்று கூறுகிறது. மோடம் தன்னுள் இருக்கும் ரிலே என்ற சிறு மின் சுவிட்சை விடுவிக்கிறது. இதுவே ரிசீவரைக் கீழே வைப்பதற்குச் சமம். இறுதியாக, கம்பியில் ஓடிய மின்னோட்டம் நின்றதைக் கண்டு எக்ஸ்சேஞ்சு அழைப்பை முடிக்கிறது. இந்த நான்கு கைகளில் ஒரு கை அடுத்த கைக்குச் சொல்லத் தவறினாலும் போதும். வயல் மடையை அடைத்துவிட்டு, மேலே வாய்க்கால் மதகை இறக்க மறந்தவன் கதைதான். திரையிலுள்ள சொல் முதற் கையின் வாக்குமூலம் மாத்திரமே. இணைப்பு அற்றது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று, ரிசீவரை எடுத்தால் காதில் விழும் டயல் டோன்.

எங்கள் துறையில் இருப்புப் புத்தகத்தைப் பார்த்து மூட்டைகளை எண்ணியதாக எழுதுவது குற்றம். அந்த விசாரணையிலோ புத்தகத்தைக்கூட முழுவதும் புரட்டவில்லை. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மோடம் இணைப்பை விடவில்லை என்று ஒருவர் முறையிட்டால் முதலில் கேட்க வேண்டியது, விட்டபின் மீண்டும் பிடித்துக்கொண்டதா என்பதுதான். அக்காலத்துக் கம்ப்யூட்டர்களில், ஏதேனும் ஒரு நிரலுக்கு இணையம் தேவைப்பட்டால் கேளாமலே எண்ணைச் சுழற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அலுவலர் துண்டித்துவிட்டு எழுவார். கடிதம் பார்க்கும் நிரல் பத்து நிமிடம் கழித்துத் தானாக விழித்து மறுபடி சுழற்றும். இதற்கு உறவான குறை இன்னொன்று. "20 நிமிடம் வேலை இல்லாதிருந்தால் துண்டித்துவிடு" என்று ஒழுங்கு செய்திருப்பார்கள். கடிதம் பார்க்கும் நிரலுக்கோ 10 நிமிடத்துக்கு ஒரு முறை புதுக் கடிதம் வந்ததா என்று பார்க்குமாறு உத்தரவு இருக்கும். ஆக, 20 நிமிட ஓய்வு என்பது உலகம் உள்ளளவும் வரப்போவதில்லை. இவ்விரண்டிலும் மோடத்தின் மேல் பழி இல்லை. திரையிலேயே பார்த்துத் திருத்திவிடலாம்.

அடுத்துச் செய்ய வேண்டியது செவிப் பரிசோதனை. அதே கம்பியில் மற்றொரு டெலிபோன் இருந்தால், துண்டித்த பின் ரிசீவரை எடுத்துக் கேட்க வேண்டும். டயல் டோன் கேட்டால் மோடம் விட்டுவிட்டது. கம்ப்யூட்டர்தான் விடவில்லை என்று பொய்யாக எண்ணிக்கொண்டிருக்கிறது. இரைச்சல் கேட்டால் இரண்டு மோடங்களும் இன்னும் உரையாடிக்கொண்டிருக்கின்றன. மௌனமோ, விட்டு விட்டு ஒலிக்கும் எங்கேஜ் ஒலியோ கேட்டால், உரையாடல் முடிந்தும் ரிலே விடுபடவில்லை. பம்புசெட் ஸ்டார்ட்டரில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்வதை விவசாயிகள் நன்கு அறிவார்கள். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் எதற்கும் அது மசியாது. ரிலேயிலும் அவ்வாறு நேர்வதுண்டு. இதில் ஓர் எச்சரிக்கை. இணைப்பு நடந்துகொண்டிருக்கையில் பக்கத்து ரிசீவரை எடுத்தாலே ஓடிக்கொண்டிருக்கும் செய்தி கெட்டு, சில சமயம் இணைப்பும் அறுந்துவிடும். எனவே மற்ற அடையாளங்களைக் குறித்துக்கொண்ட பிறகே ரிசீவரைத் தொட வேண்டும்.

செவியை நம்பாதவர்கள் மீட்டர் வைத்தும் பார்க்கலாம். ரிசீவர் வைத்த நிலையில் டெலிபோன் கம்பி இரண்டுக்குமிடையே சுமார் 48 வோல்ட் நேர் மின்னழுத்தம் இருக்கும். ரிசீவரை எடுத்த நிலையில் அது பத்து வோல்ட்டுக்கு அருகிலோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். மோடத்தை நிறுத்திய பின்னும் மீட்டர் கீழேயே கிடக்குமானால், சுவரிலிருந்து மோடத்தின் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். உடனே 48க்கு ஏறினால் குற்றம் மோடத்தினுடையது, ஏறாவிட்டால் கம்பியினுடையது. அச்சமயம் மணி அடிக்க நேர்ந்தால் அக்கம்பியில் எழுபது, எண்பது வோல்ட்டுக்கு மேல் மாறு மின்னழுத்தம் வருமாதலால், வெறுங்கையால் கம்பி நுனியைத் தொடுதல் கூடாது.

இரைச்சல் கேட்கும் நிலைக்கு வருவோம். திரை துண்டித்ததாகச் சொல்கிறது. மோடத்தின் முகப்பில் ஓ.எச்., சி.டி. என்ற இரு விளக்குகள் எரிகின்றன. முதலாவது ரிசீவர் எடுத்த நிலையையும், இரண்டாவது கேரியர் வருவதையும் குறிப்பன. இந்நிலையில் ஆராய வேண்டியது, கம்ப்யூட்டரின் கட்டளை மோடத்துக்கு எட்டியதா என்பது. கட்டளை செல்லும் வழிகள் இரண்டு.

ஒன்று சொல்வழி. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹேய்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட மோடம் ஒன்று, எழுத்து வடிவிலான கட்டளைகளுக்குக் கீழ்ப்படியுமாறு செய்யப்பட்டது. பிற்பாடு ஏறக்குறைய எல்லா நிறுவனத்தாரும் அக்கட்டளைகளையே மேற்கொண்டனர். அவை ஏ.டி. என்ற இரு ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும். "ஏ.டி.எச்." என்றால் டெலிபோனைக் கீழே வை என்று பொருள். ஆனால் இணைப்பு நடக்கும்போது நாம் எழுதுவன எல்லாம் மறுமுனைக்குப் போகும் செய்தியல்லவா? மோடத்துக்குச் சொன்னது எது, மறுமுனைக்குச் சொன்னது எது என்று அது எவ்வாறு அறியும்? இதற்கென ஒரு நாணயமான உபாயம் கண்டார்கள். ஒரு விநாடி மௌனம். பிறகு +++ என்று மூன்று கூட்டல் குறி. மறுபடி ஒரு விநாடி மௌனம். முன்னும் பின்னும் மௌனம் காத்து வந்த மூன்று குறிகளை மட்டுமே மோடம் தன்னை அழைத்ததாக எடுத்துக்கொண்டு, கட்டளைக்குக் காத்து நிற்கும். இந்த மௌன விநாடிக்கு 1985ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்குப் பணம் கட்ட விரும்பாத சிலர் மௌனம் தேவைப்படாத மோடங்களைச் செய்தனர். அவற்றில், கடிதத்துக்குள்ளேயே அந்த மூன்று குறியும் கட்டளையும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தால் இணைப்பு நடுவழியில் அறுந்துபோகும். நம் நோய்க்கு நேர் எதிரான நோய் அது.

சொல்வழியில் கோளாறு பெரும்பாலும் அம்மௌனத்தில்தான் நேரும். அவசரக்காரர்கள் மூன்று குறியைத் தட்டியவுடன் எண்டர் விசையையும் தட்டிவிடுவார்கள், மௌனம் கலைந்துவிடும், மோடம் அசையாது. மோடத்தினுள் எஸ்2 என்னும் பதிவிடத்தில் கூட்டல் குறிக்குரிய 43 என்ற எண்ணும், எஸ்12 என்னும் பதிவிடத்தில் மௌன நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். நேரம் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கை அளவாகக் கொண்டது; ஆகவே 50 என்றால் ஒரு விநாடி. எஸ்2ல் 127க்கு மேற்பட்ட எண்ணை எவரேனும் இட்டிருந்தால், மோடம் எந்த அழைப்புக்கும் செவி சாய்க்காது.

மற்றொன்று கம்பிவழி. இதுவே என் விசாரணையின் கரு. கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இணைக்கும் தடித்த கம்பிக்குள் பல இழைகள் உள்ளன. அவற்றுள் ஓர் இழை செய்தி எதையும் சுமப்பதில்லை. "நான் விழித்திருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் மோடத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருப்பதற்கான இழை அது. டி.டி.ஆர். என்பது அதன் சுருக்கப் பெயர். 25 ஊசிகள் கொண்ட இணைப்பியில் அது 20ஆம் ஊசி. 9 ஊசிகள் கொண்டதில் 4ஆம் ஊசி. கம்ப்யூட்டர் வேலையை முடித்தாலும், திடீரென நிறுத்தப்பட்டாலும், இவ்விழையில் மின்னழுத்தம் விழுந்துவிடும். விழுந்ததும் மோடம் டெலிபோனைக் கீழே வைத்துவிட வேண்டும். எசமானன் உறங்கினாலும் இறந்தாலும் வீட்டு விளக்கை அணைத்துவிடும் வேலைக்காரனைப் போன்ற ஏற்பாடு இது. சொல்வழிக்குக் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தாக வேண்டும். கம்பிவழிக்கு அது தேவையில்லை.

இந்த ஏற்பாடு மூன்று விதங்களில் கெடும். மலிவான கம்பிகளில் அவ்விழையே இராது; அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுவுக்கு ஒன்று என மூன்றே இழைகளை வைத்துக் கட்டியிருப்பார்கள். அல்லது "ஏ.டி.&டி.0" என்ற கட்டளை மோடத்தின் நினைவில் பதிந்திருக்கும். டி.டி.ஆர். விழுந்தாலும் பொருட்படுத்தாதே என்பது அதன் பொருள். இருக்க வேண்டியது "ஏ.டி.&டி.2", அதனை இட்டு, "ஏ.டி.&டபிள்யூ" என்று முடித்தால் நினைவில் நிலைத்துவிடும். அல்லது, சில வகை மோடங்களில் பின்புறமோ அடிப்புறமோ அரிசி மணியளவில் வரிசையாகச் சிறு சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்று டி.டி.ஆரைப் பொருட்படுத்துவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும். அக்கட்டளையும் அச்சுவிட்சும் ஏன் வைக்கப்பட்டன என்று கேட்கலாம். டி.டி.ஆர். இழை இல்லாத பழங்கருவிகளோடும் மோடம் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே வைத்தார்கள். பொருத்த வருபவர், முதல் நாள் மோடம் ஓடவில்லையென்றால் இதைத் தள்ளிவிட்டு, ஓடியவுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இனி அந்தச் சங்கத்துக்கு வருவோம். கோப்பில் நான்கு ஆவணங்கள் இருந்தன. டெலிபோன் பில், இணையச் சேவை தந்தவர்கள் அளித்த பயன்பாட்டு அறிக்கை, வருகைப் பதிவேட்டின் நகல், எழுத்தர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்க விளக்கம். பயன்பாட்டு அறிக்கையில் நான்கு இடங்கள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. இரண்டு இடங்களில் சனிக்கிழமை மாலை 5.35 அளவில் தொடங்கிய இணைப்பு திங்கட்கிழமை காலை 9.50 அளவில் முடிந்திருந்தது. அதாவது 40 மணி 15 நிமிடம். மற்ற இரண்டு இடங்களில் மாலை தொடங்கி மறுநாள் காலை முடிந்திருந்தது. 16 மணி 15 நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஓர் அழைப்பு, அழைப்புக்கு ரூ.1.20 எனக் கொண்டால், முதல் இரண்டுக்கும் தலா 805 அழைப்பு, ரூ.966; பின் இரண்டுக்கும் தலா 325 அழைப்பு, ரூ.390. ஆகக் கூடுதல் ரூ.2,712. வசூலித்த தொகை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. விசாரணை செய்தவர் கூட்டலில் தவறவில்லை. பன்னிரண்டு ரூபாயை விட்டும் கொடுத்திருக்கிறார்.

எழுத்தர் தமது விளக்கத்தில் எழுதியிருந்தது இது. அந்நாட்களில் விலை நிலவரத்தை அனுப்பிக்கொண்டிருக்கையில் கம்ப்யூட்டர் அசைவற்று நின்றுவிட்டது. எந்த விசைக்கும் அது இணங்கவில்லை. ஆதலால் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு வீடு சென்றார். மறுநாளோ திங்களன்றோ காலையில் கம்ப்யூட்டரைப் போட்டபோது, "மோடம் பதில் தரவில்லை" என்று திரையில் வந்தது. மோடத்தின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தின் ஓரத்தில் விசாரணை அலுவலர் "சாக்கு" என்று எழுதி வைத்திருந்தார். எனக்கோ அந்த வாக்கியத்தில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருப்பதாகப் பட்டது. இணைப்பில் ஈடுபட்டிருக்கும் மோடம், கம்ப்யூட்டர் சொல்வதையெல்லாம் மறுமுனைக்குரிய செய்தியென்றே எடுத்துக்கொள்ளும் என்று மேலே கண்டோம். காலையில் புதிதாக எழுந்த கம்ப்யூட்டர், "இருக்கிறாயா?" என்று கேட்டது. அக்கேள்வியை மோடம் தன்னிடம் கேட்டதாக எண்ணாமல் மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, மௌனமாக இருந்தது. மோடம் பதில் தராததற்குக் காரணம் அது இரவெல்லாம் உறங்காமல் இணைப்பில் இருந்ததுதான். கம்ப்யூட்டரைப் பற்றித் தேர்ந்த அறிவு இல்லாத ஒருவர் இப்படி ஓர் அடையாளத்தைக் கற்பனை செய்து எழுதியிருக்க முடியாது. தேர்ந்த அறிவு உள்ளவராயின் அதன் பொருளையும் விளக்கி எழுதித் தப்பித்திருப்பார்.

பண்டக அறையில் அந்த மோடம் கிடைத்தது. ஏலத்தில் விட வேண்டிய பழம்பொருட் பட்டியலில் 31ஆம் இனமாக அது இருந்தது. இரு டைரக்டர்கள் முன்னிலையில் அதனைத் துடைத்து, பின்புறத்திலுள்ள சுவிட்சுகளின் நிலையை வரைந்து கையெழுத்திட்டோம். அந்த வகை மோடத்தில் முதற் சுவிட்சு மேல்நோக்கியிருந்தால் டி.டி.ஆர். மதிக்கப்படும், கீழ்நோக்கியிருந்தால் மதிக்கப்படாது. அது கீழ்நோக்கியிருந்தது.

பரிசோதனைக்கு வெளிக் கம்பி தேவைப்படவில்லை. என் அலுவலகத்து இண்டர்காமில் இரண்டு எண்களை ஒழித்துத் தரச் செய்து, ஒன்றில் இந்த மோடத்தையும் மற்றொன்றில் நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற மோடத்தையும் பொருத்தினேன். இண்டர்காமின் டயல் டோன் ஊராருடைய டயல் டோனைப் போல இல்லாமையால் மோடம் முதலில் சுழற்ற மறுத்தது, "ஏ.டி.எக்ஸ்.3" என்ற கட்டளையை இட்ட பின் டோனை எதிர்பாராமல் சுழற்றியது. இன்றைய கம்ப்யூட்டர்களில் அதற்குரிய இணைப்பி இல்லை, யு.எஸ்.பி.யிலிருந்து மாற்றித் தரும் கம்பி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அதன் விலையை என் சொந்தக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மோடங்களும் கூவி இணைந்தன. கம்ப்யூட்டரிலிருந்து கம்பியை உருவினேன். இரு விளக்குகளும் எரிந்துகொண்டே இருந்தன. உணவு இடைவேளை கழித்து வந்து பார்த்தபோதும் எரிந்தன. மூன்றாவது டெலிபோனிலிருந்து அந்த எண்ணை அழைத்தால் எங்கேஜ் ஒலி. கம்பியை மீண்டும் செருகி, கம்ப்யூட்டர் வழியாக மோடத்துக்கு வழக்கமான கட்டளையை அனுப்பினால் பதில் இல்லை. எழுத்தர் சொன்ன அதே "பதில் தரவில்லை". பிறகு ஒரு விநாடி மௌனம் காத்து, மூன்று குறியிட்டு, மறுபடி மௌனம் காத்து, ஏ.டி.எச். என்று எழுதினேன். டக்கென்று ரிலே விடுபட்டது. மற்ற நாட்களில் ஏன் இக்கோளாறு நேரவில்லை என்பதும் இதனால் விளங்கியது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் நிரல், முதலில் டி.டி.ஆரை விழச் செய்யும்; மோடம் அசையாவிட்டால் சொல்வழியைக் கையாளும். எழுத்தர் முறைப்படி துண்டித்த நாட்களில் இரண்டாம் வழி கைகொடுத்தது. கம்ப்யூட்டர் மூர்ச்சையுற்ற நான்கு நாட்களில் சொல்ல வாய் இல்லை. கேட்க வேண்டிய காதோ சுவிட்சினால் அடைக்கப்பட்டிருந்தது. மோடத்துக்குத் தனி அடாப்டர் வழியே மின்சாரம் வந்தமையால், கம்ப்யூட்டரை அணைத்ததால் அது அணையவில்லை.

முதற் சுவிட்சை மேலே தள்ளி, மோடத்தை அணைத்துப் போட்டு, மீண்டும் இணைத்துக் கம்பியை உருவினேன். மூச்சு விடும் நேரத்துக்குள் விளக்குகள் அணைந்தன.

ஒரு வினா எஞ்சியது. மறுமுனையில் இருந்தவர்களாவது துண்டித்திருக்க வேண்டாமா? வேண்டும். பதில் தராத கம்ப்யூட்டரைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்து இணைப்பை முறிக்கும் ஏற்பாடு அத்தகைய சேவை நிலையங்களில் செய்யக் கூடியதே. பல இடங்களில் செய்துமிருந்தார்கள். இங்கே அது வைக்கப்படவில்லை, அல்லது வேலை செய்யவில்லை என்பதை 40 மணி நேர இணைப்பே காட்டுகிறது.

மற்றொரு வினாவை டைரக்டர்களில் ஒருவர் எழுப்பினார். இத்தனை ஆண்டுகளில் அச்சுவிட்சை எவரேனும் தள்ளியிருக்கலாமே? நியாயமான கேள்வி. 2001ல் அது கீழ்நோக்கியே இருந்தது என்று நான் சத்தியம் செய்ய இயலாது. ஆகவே பரிசோதனையை மட்டும் நம்பாமல், பயன்பாட்டு அறிக்கைக்குத் திரும்பினேன். சிவப்பு வட்டங்கள் எல்லாம் தொடக்க நேரம், முடிவு நேரம் என்ற பத்திகளில்தான் இருந்தன. அதற்கு வலப்புறத்தில், தாளின் ஓரமாக, இன்னும் இரண்டு பத்திகள் இருந்தன. எவ்வளவு செய்தி அனுப்பப்பட்டது, எவ்வளவு பெறப்பட்டது என்பவை அவை. அத்தலைப்புகளில் நிற்பவை வெறும் எண்கள், அலகு குறிக்கப்படவில்லை. அவை பைட்டுகள் என்பதை மற்ற நாட்களின் வரிகளோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். 33,600 என்ற வேகமுடைய மோடம் 40 மணி நேரம் முழு மூச்சாக வேலை செய்தால் ஏறத்தாழ 600 மெகாபைட் கொண்டுவரக் கூடும். அந்தச் சனிக்கிழமை வரியில் அனுப்பியதும் பெற்றதும் சேர்ந்து ஒரு மெகாபைட்டில் கால் பங்குகூட இல்லை. விலை நிலவரக் கடிதம் ஒன்று, வந்த கடிதங்கள் இரண்டு மூன்று. அதற்கு அவ்வளவுதான் ஆகும். மற்ற மூன்று வரிகளிலும் அதே கதை. இரவில் வந்து சொந்தக் காரியம் பார்த்தவர் என்னதான் பார்த்திருக்க முடியும்? பாவு ஓடியிருக்கிறது, ஊடை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சங்க டெலிபோன் எங்கேஜாகவே இருந்தது என்று ஓர் அங்கத்தினர் குறை சொன்னதையும் எழுத்தருக்கு எதிரான சாட்சியாகவே அன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகச் சாவி இரவில் யாரிடம் இருந்தது என்று ஒருவரும் கேட்டதாகக் கோப்பில் இல்லை.

இப்போதும் டெலிபோன் கம்பியில் தொலைநகலோ வேறு மோடமோ வைத்திருக்கும் சங்கத்தார்க்கு ஒன்று சொல்வேன். மாலையில் பூட்டும்முன் ரிசீவரை எடுத்து டயல் டோன் கேட்டுவிட்டுப் போங்கள். டோன் இல்லையென்றால் மோடத்தின் மின்சாரத்தையே நிறுத்துங்கள். அதன் பின்னும் இல்லையென்றால் சுவரிலிருந்து கம்பியை உருவிவிடுங்கள். அதற்குப் பிறகும் இல்லாவிடில் உங்கள் கையில் ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, தேதியும் நேரமும் குறித்த நகலைக் கோப்பில் வையுங்கள். கம்ப்யூட்டர் அசைவற்று நின்ற நாட்களையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. அந்த எழுத்தரிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், ஒன்றரைப் பக்க விளக்கம் தேவைப்பட்டிராது.

என் குறிப்பு, பரிசோதனையின் விவரத்தோடும் அறிக்கையின் நான்கு வரிகளோடும், நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தீர்மானத்திலுள்ள வாக்கியத்தை நீக்குவதோடு ரூ.2,700 ஐயும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்; அவர் கேட்கவில்லை என்பது அதற்குத் தடையாகாது. மோடத்தை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மனு முடிவாகும் வரையில் உறையிலிட்டு முத்திரை வைத்துப் பீரோவில் வைக்கச் செய்தேன். முதற் சுவிட்சை, கிடைத்தபோது இருந்தபடியே, மீண்டும் கீழ்நோக்கி வைத்திருக்கிறேன்.